கலந்த மாவும் பஞ்சுப் பொதியும்: 'பிரிக்க முடியாதது' என்று சட்டம் எதைச் சொல்கிறது?

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் மாவு கலந்த கதை ஒன்று இருக்கிறது. 157-ஆம் பிரிவுக்குக் கீழே எடுத்துக்காட்டாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் 45 ரூபாய் பெறுமானமுள்ள ஒரு பீப்பாய் 'கேப்' என்ற ரக மாவை இன்னொருவரிடம் ஒப்படைக்கிறார். வாங்கி வைத்தவர் ஒரு வார்த்தை கேட்காமல், பீப்பாய் 25 ரூபாய்கூடத் தாண்டாத தன்னுடைய நாட்டு மாவை அதில் கொட்டிக் கலந்துவிடுகிறார். கொடுத்தவர் வந்து "என் மாவு எங்கே?" என்று கேட்டால் என்ன செய்வது? எந்தத் துகள் யாருடையது என்று எந்த நீதிபதியாலும் சொல்ல முடியாது. அதனால் சட்டம் மாவைத் திருப்பிக் கேட்கவில்லை. நஷ்டத்தைக் கொடு என்கிறது.

இதற்கு முந்தைய பிரிவில், அதாவது 156-இல், அதே தப்பை வேறு பொருளை வைத்துச் சொல்கிறார்கள். ஒருவர் தன் அடையாளக் குறி போட்ட 100 பஞ்சுப் பொதிகளை ஒப்படைக்கிறார். வாங்கியவர் வேறு குறி போட்ட தன்னுடைய பொதிகளோடு அவற்றைக் கலந்து அடுக்கிவிடுகிறார். இங்கே பிரச்சினையே இல்லை. குறியைப் பார்த்து 100 பொதியையும் பொறுக்கி எடுத்துக் கொடுக்க வேண்டும், பொறுக்குகிற செலவும் கலந்தவருடையது.

இரண்டிலும் செய்த காரியம் ஒன்றுதான், கேட்காமல் கலந்தது. ஆனால் பஞ்சு பிரிந்து வரும், மாவு பிரியாது. அந்த ஒரு வித்தியாசத்தால் தீர்ப்பே மாறிவிடுகிறது. பிரிக்க முடியாமை என்பதைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் இந்த இரண்டு பிரிவுகளைத்தான் காட்டுவேன். மற்றதெல்லாம், பெரிய அரசமைப்பு வழக்குகள் உட்பட, இதே கேள்வியைத்தான் கேட்கின்றன.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை

ஆங்கிலத் தீர்ப்புகளில் 'இன்எக்ஸ்ட்ரிக்கபிள்' என்ற சொல் அடிக்கடி வரும். அதன் லத்தீன் வேருக்குச் சிக்கல், தொல்லை என்று பொருள். சிக்கிலிருந்து வெளியே எடுக்க முடியாதது என்பதுதான் முழுச் சொல்லின் அர்த்தம். தமிழில் நாம் 'சிக்கெடுப்பது' என்கிறோமே, கிட்டத்தட்ட அதேதான்: சிக்கெடுக்க முடியாதது.

தமிழில் எழுதும்போது இதற்குப் 'பின்னிப் பிணைந்த' என்றும் போடுகிறார்கள், 'இரண்டறக் கலந்த' என்றும் போடுகிறார்கள். முதலாவது பரவாயில்லை. இரண்டாவது எனக்கு அவ்வளவாக ஒட்டுவதில்லை. இரண்டறக் கலத்தல் என்றாலே உயிர் இறைவனோடு ஒன்றாவதுதான் நினைவுக்கு வருகிறது. இரங்கல் செய்தியில் படித்துப் பழகிய சொல்லைச் செல்லாத சட்டப் பிரிவுக்குப் போட்டால் அந்தப் பிரிவு மோட்சம் அடைந்ததுபோல் இருக்கிறது. நான் 'பிரிக்க முடியாதபடி கலந்த' என்றே எழுதுகிறேன். நீளம்தான், ஆனால் குழப்பம் இல்லை.

இன்னொரு சொல்லையும் இங்கேயே தள்ளி வைத்துவிடலாம். அடுக்குமாடி வீடு வாங்கியவர்களின் பத்திரத்தில் 'பிரிபடாத பாகம்' என்று இருக்கும். வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் பேச்சில் அதை யூ.டி.எஸ். என்பார்கள். கட்டடம் நிற்கும் மனையில் உங்களுக்கு இவ்வளவு சதுர அடி என்று கணக்கு உண்டு, ஆனால் எந்த மூலை உங்களுடையது என்று கோடு கிழிக்கவில்லை. கூட்டுக் குடும்பச் சொத்தும் இப்படித்தான். அது இன்னும் பிரிக்கப்படாதது, அவ்வளவுதான். பிரிக்கப்படாதது வேறு, பிரிக்க முடியாதது வேறு. கடைசியில் இதற்குத் திரும்பி வருகிறேன்.

ஒரே மே மாதத்தில் இரண்டு தீர்ப்புகள்

நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தில் ஒரு பகுதி அரசமைப்புச் சட்டத்துக்கு முரணாக இருந்தால் என்ன ஆகும்? மொத்தச் சட்டமும் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அரசமைப்புச் சட்டத்தின் 13-ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளுக்கு முரணான சட்டம் 'முரண்படும் அளவுக்கு' செல்லாது என்கிறது. இந்த 'அளவுக்கு' என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. கெட்டதை மட்டும் வெட்டி எறி, நல்லது இருக்கட்டும் என்று அர்த்தம். ஆனால் வெட்ட வேண்டுமானால் அது பஞ்சுப் பொதி மாதிரி தனியாக வர வேண்டுமே.

உச்ச நீதிமன்றம் தொடங்கிய 1950-லேயே, ஒரு வார இடைவெளியில், இரண்டு விதமும் வந்துவிட்டன. இரண்டும் அன்றைய சென்னை மாகாணத்திலிருந்து போனவை.

முதலாவது, மே 19-ஆம் தேதி தீர்ப்பான ஏ.கே. கோபாலன் வழக்கு. கம்யூனிஸ்ட் தலைவரான அவரைத் தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் அடைத்து வைத்திருந்தார்கள். அந்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு விநோதமானது. எந்தக் காரணத்துக்காக உங்களை அடைத்தோம் என்று உங்களிடம் சொல்வார்கள், ஆனால் அந்தக் காரணங்களை நீதிமன்றத்தில் வெளியிடக் கூடாது. காரணத்தைப் பார்க்காமல் நீதிமன்றம் எதை விசாரிக்கும்? அந்தப் பிரிவு செல்லாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் 14-ஆம் பிரிவை எடுத்துவிட்டாலும் மீதிச் சட்டம் அப்படியே நிற்கும், நடக்கும் என்றார்கள். மீதி நின்றதால் கோபாலனின் மனு தள்ளுபடியானது. ஒரு பிரிவை வென்றும் வழக்கில் தோற்றார்.

மே 26-ஆம் தேதி ரொமேஷ் தாப்பர் வழக்கில் தீர்ப்பு வந்தது. பம்பாயில் அவர் நடத்திய 'கிராஸ் ரோட்ஸ்' வார இதழ் சென்னை மாகாணத்துக்குள் வரக் கூடாது என்று இங்குள்ள அரசு தடை போட்டிருந்தது. 'பொதுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு' ஆகியவற்றுக்காக இப்படித் தடுக்கலாம் என்று மாகாணச் சட்டம் சொன்னது. இந்த வகையில் அரசமைப்புச் சட்டம் அப்போது அனுமதித்திருந்ததோ அரசின் பாதுகாப்பையே ஆட்டம் காண வைக்கும் பேச்சைத் தடுப்பதை மட்டும். பொது ஒழுங்கு என்பது அதைவிட மிகப் பரந்தது. அதில் கலகமும் அடங்கும், தெருமுனைத் தகராறும் அடங்கும்.

சரி, கலகத்தை மட்டும் வைத்துக்கொண்டு தெருத் தகராறை வெட்டிவிடலாமா? எந்தச் சொல்லை வெட்டுவது? இரண்டும் 'பொது ஒழுங்கு' என்ற ஒரே சொல்லுக்குள் கலந்து கிடக்கின்றன. கோபாலன் வழக்கில் கெட்ட பகுதிக்குத் தனிப் பிரிவு எண்ணே இருந்தது, பொதியின் மேல் போட்ட குறி மாதிரி. இங்கே எல்லாம் மாவு. அனுமதிக்கப்பட்ட நோக்கத்துக்கு மட்டுமாவது அந்த விதியைக் காப்பாற்ற முடியாது, அது பிரிக்கத் தக்கதல்ல என்று நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி எழுதினார். அந்த விதி முழுதாகச் செல்லாததானது. மறுவருடமே முதலாவது அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் 'பொது ஒழுங்கு' என்ற காரணத்தை அரசமைப்புச் சட்டத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். அது தனிக் கதை.

குறுக்கெழுத்துப் போட்டி கொடுத்த விதிகள்

இந்த விஷயத்தில் இன்றுவரை எல்லா வழக்கறிஞர்களும் எடுத்துக் காட்டுவது 1957-இல் வந்த சமர்பாக்வாலா தீர்ப்பு. தீர்ப்பை எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இந்தப் பெயர் வேறு விதமாகத் தெரிந்திருக்கும். முத்துசுவாமி தீட்சிதர் கிருதிகளில் பெரிய பாடாந்தரம் உள்ளவர், 1944-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெற்றவர், டி.கே. பட்டம்மாளுக்குச் சொல்லிக் கொடுத்தவர். அதே மனிதர்தான். ராகத்தையும் தாளத்தையும் பிரித்துக் கேட்கத் தெரிந்தவரிடம் இந்த வழக்கு போனது தற்செயல்தான், இருந்தாலும் எனக்கு அது பிடிக்கும்.

வழக்கு இதுதான். அந்தக் காலத்தில் பத்திரிகைகளில் குறுக்கெழுத்து மாதிரியான போட்டிகள் வைத்துப் பெரும் பரிசு கொடுப்பார்கள். 1955-இல் வந்த பரிசுப் போட்டிகள் சட்டம், மாதத்துக்கு 1,000 ரூபாய்க்கு மேல் பரிசு தரும் போட்டியைத் தடை செய்தது. அதற்குக் கீழே என்றால் உரிமம் வேண்டும். போட்டி நடத்தியவர்கள் சொன்னது: "சூதாட்டத்தைத் தடுங்கள், பரவாயில்லை. ஆனால் சட்டத்தில் உள்ள விளக்கத்தில் அறிவுத் திறனால் ஜெயிக்கும் போட்டியும் வருகிறது. திறன் போட்டி நடத்துவது தொழில், அதற்கு எங்களுக்கு உரிமை உண்டு. இரண்டும் ஒரே விளக்கத்துக்குள் இருப்பதால் ரொமேஷ் தாப்பர் வழக்கு மாதிரி மொத்தமும் போக வேண்டும்."

மேலோட்டமாகப் பார்த்தால் வாதம் சரிதான். ஒரே சொற்கள், உள்ளே இரண்டு வகை. மாவுதானே? நீதிமன்றம் இல்லை என்றது. முதலில், அந்தச் சட்டம் வந்த வரலாற்றைப் பார்த்தால் அது சூதாட்டத்தை மட்டுமே குறிவைத்தது, திறன் போட்டி அதற்குள் வரவே இல்லை என்றது. அப்படியே வந்தாலும், சூதாட்டப் போட்டியும் திறன் போட்டியும் வெவ்வேறு இனம். வியாபார ஒப்பந்தத்துக்கும் பந்தயத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு தெளிவோ அவ்வளவு தெளிவு. ஒரே சொல்லுக்குள் இருந்தாலும் கையில் எடுத்துப் பார்த்தால் எது எது என்று தெரிந்துவிடும்.

நான் இந்த இடத்தில் முதல் தடவை தடுமாறினேன். ஒரே சொல்லுக்குள் இருந்தால் பிரிக்க முடியாது, தனிப் பிரிவில் இருந்தால் பிரிக்கலாம் என்று அதுவரை சுலபமாக நினைத்திருந்தேன். அப்படிப் பார்க்கக் கூடாது என்று தீர்ப்பே சொல்கிறது. ஒரே பிரிவில் இருக்கிறதா, வேறு பிரிவில் இருக்கிறதா என்பது பொருட்டல்ல. வடிவத்தை விடு, சாரத்தைப் பார் என்கிறது.

அந்தத் தீர்ப்பில் ஏழு விதிகள் இருக்கின்றன. ஏழையும் ஒப்பிக்கத் தேவையில்லை. நல்லதும் கெட்டதும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தால் மொத்தச் சட்டமும் போகும் என்பது அதில் ஒன்று, நம் சொல் வருவது அங்கேதான். ஆனால் தனித்தனியாக இருந்தாலும் சில சமயம் மொத்தமும் போகும் என்பதுதான் புதியவர்கள் கவனிக்கத் தவறுவது. எல்லாப் பிரிவுகளும் சேர்ந்து ஒரே திட்டமாக இயங்கும்படி எழுதியிருந்தால், ஒன்றை உருவினால் மற்றது அர்த்தமிழக்கும். வெட்டியது போக மிஞ்சுவது எலும்பும் தோலுமாக, சட்டமன்றம் கொண்டுவந்த சட்டமா இது என்று கேட்கும்படி இருந்தாலும் போகும். இதற்கெல்லாம் அடியில் உள்ள கேள்வி ஒன்று: இந்தக் கெட்ட பகுதி செல்லாது என்று முன்பே தெரிந்திருந்தால், மிச்சத்தை மட்டுமாவது சட்டமன்றம் இயற்றியிருக்குமா?

என்னைக் கேட்டால் ஏழில் முக்கியமானது ஆறாவது. வெட்டிய பிறகு மிச்சம் ஓட வேண்டுமானால் நீதிபதி அங்கே ஒரு வார்த்தை சேர்க்க வேண்டும், இங்கே ஒன்றை மாற்ற வேண்டும் என்று வந்தால், மொத்தத்தையும் ரத்து செய்ய வேண்டும். ஏனென்றால் சட்டம் எழுதுவது நீதிமன்றத்தின் வேலை இல்லை. ஆக, ஒட்டியிருக்கிறதா என்பதோடு கேள்வி முடியவில்லை. பிரித்த பிறகு யாரும் தைக்காமல் அது தானாக நிற்குமா என்பதுதான் கேள்வி.

2015-இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவுக்கு நடந்ததில் இது பளிச்சென்று தெரியும். இணையத்தில் 'எரிச்சல்', 'அசௌகரியம்' உண்டாக்கும்படி எழுதினால் 3 ஆண்டு வரை சிறை என்றது அந்தப் பிரிவு. ஷ்ரேயா சிங்கல் வழக்கில் அரசுத் தரப்பு, முழுதாக ரத்து செய்ய வேண்டாம், பகுதியைக் காப்பாற்றலாம் என்று கேட்டது. எந்தப் பகுதியை என்று அவர்கள் காட்டவே இல்லை என்று நீதிமன்றம் குறிப்பிட்டது. ரொமேஷ் தாப்பர் வழக்கைச் சுட்டிக்காட்டி முழுப் பிரிவையும் ரத்து செய்தது. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் அப்படியே இருக்கிறது. சட்டத்திலிருந்து 66-ஏ பொதி மாதிரி வெளியே வந்தது, 66-ஏவுக்குள் இருந்தது மாவு.

ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து ஒரே பொருளைப் பார்த்துப் பிரியும், பிரியாது என்று இரண்டாகப் போனதும் உண்டு. 1992-இல் கிஹோட்டோ ஹோலோஹன் வழக்கு. கட்சித் தாவலைத் தடுக்க அரசமைப்புத் திருத்தத்தின் மூலம் சேர்த்த பத்தாவது அட்டவணையின் 7-ஆம் பத்தி, இந்த விஷயத்தில் நீதிமன்றங்கள் தலையிடக் கூடாது என்றது. நீதிமன்ற அதிகாரத்தைத் தொடும் திருத்தத்துக்குப் பாதி மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும், அது வாங்கப்படவில்லை. மூன்று பேர், 7-ஆம் பத்தியை மட்டும் எடுத்துவிட்டால் போதும், கட்சித் தாவல் தடை தனியாக நிற்கும் என்றார்கள். இரண்டு பேர், ஒப்புதல் வாங்காததால் திருத்தம் நிறைவேறியதாகவே ஆகாது, பிறக்காத ஒன்றில் கைகாலை மட்டும் எப்படிப் பிரிப்பது என்ற பக்கம் நின்றார்கள். அந்த ஒரு ஓட்டு வித்தியாசத்தில்தான் இன்றைக்கும் கட்சித் தாவல் தடைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

சாட்சியும் பதரும்

அதே சொற்றொடர் குற்ற வழக்குகளிலும் வரும், கொஞ்சமும் எதிர்பாராத இடத்தில். ஒரு சாட்சி பத்து விஷயம் சொல்கிறார், அதில் மூன்று பொய் என்று தெரிந்துவிட்டது. மீதி ஏழையும் தூக்கிப் போட வேண்டுமா? ஒன்றில் பொய் என்றால் எல்லாவற்றிலும் பொய் என்று ஒரு பழைய லத்தீன் வாசகம் உண்டு. இந்திய நீதிமன்றங்கள் அதை விதியாக ஏற்றதில்லை. நம் ஊர் சாட்சிகள் உண்மையோடு கொஞ்சம் சேர்த்துச் சொல்வார்கள் என்பது நீதிபதிகளுக்குத் தெரியும். நெல்லையும் பதரையும் தூற்றிப் பிரிப்பதுதான் நீதிமன்றத்தின் வேலை என்பார்கள்.

ஆனால் தூற்ற முடியாத நெல்லும் உண்டு. 1975-இல் பாலகா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இது: நெல்லும் பதரும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்து, பிரிக்கப் போனால் அரசுத் தரப்புக்காக நீதிமன்றமே புதிதாக ஒரு கதையைக் கட்ட வேண்டியிருந்தால், அந்தச் சாட்சியத்தை மொத்தமாக ஒதுக்குவதுதான் வழி.

இதை ஆறாவது விதியின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே நீதிபதி புதுச் சட்டம் எழுதக் கூடாது, இங்கே புதுக் கதை எழுதக் கூடாது. ஒன்று அரசமைப்பு வழக்கு, இன்னொன்று குற்ற வழக்கு, இருந்தும் கத்தியைக் கீழே வைக்கும் இடம் ஒன்றுதான்.

ஒப்பந்தங்களில்

இங்கே ஒப்பந்தச் சட்டத்தின் பழைய எடுத்துக்காட்டுகளே போதும். 24-ஆம் பிரிவில் ஒருவர் இரண்டு வேலை பார்க்கிறார்: சட்டப்படியான அவுரி (நீலச் சாயம்) தொழிலையும், சட்டவிரோதமான வேறொரு சரக்கு வியாபாரத்தையும் மேற்பார்வை செய்வார். இரண்டுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 ரூபாய் சம்பளம். சம்பளம் ஒன்றாக இருப்பதால் எவ்வளவு அவுரிக்கு, எவ்வளவு மற்றதற்கு என்று சொல்ல முடியாது. மொத்த ஒப்பந்தமும் செல்லாது. இதுவே 58-ஆம் பிரிவில் 1,000 ரூபாய்க்கு 'அரிசி அல்லது கடத்தல் அபின்' தருவதாக ஒரு ஒப்பந்தம். அபினை அடித்துவிடுங்கள், அரிசிக்கு ஒப்பந்தம் செல்லும். அந்த 'அல்லது' என்ற சொல்தான் பொதியின் மேல் உள்ள குறி.

சொற்களை அடித்துப் பார்க்கும் இந்த முறைக்கு இங்கிலாந்தில் 'நீலப் பென்சில்' என்று பெயர். சட்டவிரோதமான சொற்களை நீலப் பென்சிலால் அடி, புதிதாக ஒன்றும் எழுதாதே, மிச்சம் பொருள் தந்தால் ஒப்பந்தம் பிழைத்தது.

இப்போது எந்த வாடகை ஒப்பந்தத்தை எடுத்தாலும், எந்தச் செயலியின் விதிமுறைகளைப் பார்த்தாலும், கடைசிப் பக்கத்தில் 'இதில் ஏதாவது ஒரு நிபந்தனை செல்லாமல் போனாலும் மற்றவை செல்லும்' என்று ஒரு வரி இருக்கும். அப்படி எழுதி வைத்தால் எதையும் பிரிக்கலாம் என்று நினைத்துவிட வேண்டாம். பிரிக்கத்தான் நினைத்தார்கள் என்பதற்கு அந்த வரி ஒரு அடையாளம், அவ்வளவே. கலந்த மாவின் மேல் 'பிரியும்' என்று சீட்டு ஒட்டினால் மாவு பிரியாது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. தகராறு வந்தால் நடுவரிடம் போகலாம் என்ற நிபந்தனை ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கும், பார்வைக்கு அதன் ஒரு உறுப்பு. ஆனால் 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு அதைத் தனி ஒப்பந்தமாகக் கருதச் சொல்கிறது. ஒப்பந்தமே செல்லாது என்ற சண்டையையும் அந்த நடுவரே விசாரிக்க வேண்டுமே, அதற்காக. ஒட்டியிருப்பதைச் சட்டமே கத்தரித்து வைத்திருக்கிறது.

கடைசியாக, பிரிபடாத பாகம். மூன்று பேருக்குப் பொதுவாக ஒரே ஒரு சின்ன வீடு இருக்கிறது, மூவரும் பாகம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். காகிதத்தில் மூன்றில் ஒரு பங்கு என்று எழுதுவது சுலபம். தரையில் கோடு போட்டால் ஒருவருக்கு அடுக்களை, ஒருவருக்கு மாடிப்படி, ஒருவருக்கு வாசல் வரும், யாராலும் குடியிருக்க முடியாது. 1893-இலேயே பாகப் பிரிவினைச் சட்டம் இதை யோசித்திருக்கிறது. நியாயமாகப் பிரிக்க வழியில்லை என்றால், பாதிக்குக் குறையாத பங்குள்ளவர்கள் கேட்டுக்கொண்டால், சொத்தை விற்றுப் பணத்தைப் பங்கிடும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். விற்க மனமில்லாத பங்காளி, நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்குத் தானே வாங்கிக்கொள்ளலாம். மாவுக்குச் சொன்ன தீர்வேதான் வீட்டுக்கும்: பொருள் பிரியாது, பணம் பிரியும்.